ஒகேனக்கல் இறக்கமும் நீலப் புகையும்

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலுக்கு இறங்கும் மலைப்பாதையில் பழைய மோட்டார் சைக்கிள்காரர்கள் ஆக்சிலரேட்டரை முழுக்க மூடிவிட்டு, கியரிலேயே வண்டியை இறங்க விடுவது வழக்கம். வளைவுகள் முடிந்து சமதளம் வந்ததும் கை மறுபடி திருகும். அந்த நேரத்தில் சைலன்சரிலிருந்து குபுக்கென்று நீலப் புகை கிளம்பி, சில வினாடிகளில் அடங்கிவிட்டால், பெரும்பாலும் தேய்ந்திருப்பது வால்வு கைடு. அல்லது அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் சின்ன ரப்பர் சீல். ஊர் திரும்பும்போது, பின்னால் ஆளும் மூட்டையுமாக மேடேறுகிற நேரம் முழுக்கப் புகை விடாமல் வந்தால், சந்தேகம் பிஸ்டன் ரிங் மேல் திரும்ப வேண்டும்.

பைசா செலவில்லாத சோதனை இது. தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்குகிறவர்களுக்கும் இதே வசதி உண்டு. ஆனால் பிரேக் பிடிக்காத லாரிகளுக்குப் பெயர்போன அந்தச் சாலையில் திரும்பிப் புகையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது; பின்னால் வரும் நண்பரைப் பார்க்கச் சொல்வதே உசிதம்.

இதன் காரணம் எளிமையானது. ஆக்சிலரேட்டர் மூடியிருக்க, இன்ஜின் மட்டும் வேகமாகச் சுற்றினால், காற்று வரும் வழியில் வலுவான உறிஞ்சு விசை உண்டாகிறது. வால்வுத் தண்டுக்கும் கைடுக்கும் நடுவே இடைவெளி விழுந்திருந்தால் மேலே இருக்கும் ஆயிலை அது கீழே இழுத்துவிடும். இறக்கம் முழுவதும் இப்படிச் சேர்ந்த ஆயில், ஆக்சிலரேட்டரைத் திருகியதும் மொத்தமாக எரிகிறது. ரிங் தேய்ந்தால் நடப்பது வேறு. எரியும் வாயு கீழே கிராங்க் கேஸுக்குள் நுழைகிறது, அங்கிருக்கும் ஆயில் மேலே வருகிறது. சுமை ஏற ஏற இரண்டுமே அதிகமாகின்றன. ரிங் போன வண்டியும் இறக்கம் முடிந்ததும் கொஞ்சம் புகைக்கத்தான் செய்யும். மேட்டிலும் புகை தொடர்கிறதா என்பதுதான் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

இவ்வளவு தெரிந்த ஊரில் பட்டறைகளில் நடப்பது என்ன? காலையில் உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்தவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார். “ஸ்டார்ட்டே ஆவலைங்ணா, பிளக்கப் பாருங்க.” மெக்கானிக் பிளக்கைக் கழற்றுகிறார். மரை வரைக்கும் கறுப்பாக, ஈரமாக, விரலில் தேய்த்தால் வழவழவென்று ஒட்டும் ஆயில். துணியில் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினால் வண்டி எடுத்துக்கொள்ளும். எடுக்காவிட்டால் புது பிளக். நூற்றுச் சொச்சம் ரூபாயில் கதை முடிகிறது. சில வாரங்களில் அதே ஆள், அதே வண்டி, அதே பேச்சு.

மெக்கானிக்குக் காரணம் தெரியாது என்று நினைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். பிளக்கைக் கையில் எடுத்த மாத்திரத்தில் ஆயில் ஏறுகிறது என்று அவருக்குத் தெரியும். சொல்வதற்குத்தான் அவருக்குக் காசில்லை. புது பிளக்குக்குப் பணம் தருவோம், ஆயிலுக்குத் தருவோம், இன்ஜின் இறக்கினால் கூலி தருவோம். அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து, கம்ப்ரஷன் கேஜ் வைத்து அளந்து, “ரிங் நல்லா இருக்கு, சீல் மட்டும்தான்” என்று ஒருவர் சொன்னால் அதற்குக் கூலி கேட்பதா என்று முகம் சுளிப்போம். நோயைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு விலை வைக்காத பழக்கம்தான் தருமபுரி மாவட்டத்துப் பழைய வண்டிகளைப் புகைய வைக்கிறது.

அந்தக் கேஜ் சோதனையை ஒருமுறை நின்று பார்க்கலாம். பிளக் துளையில் கேஜை மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து, கிக்கரை நாலைந்து முறை உதைத்து அளவைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு அதே துளையில் ஒரு சின்ன ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி உதைப்பார்கள். முள் சட்டென்று மேலேறினால் ரிங்கோ சிலிண்டர் போரோ தேய்ந்திருக்கிறது. ஊற்றிய ஆயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்ததால் வந்த ஏற்றம் அது. முதல் அளவும் குறைவாக இருந்து, ஆயில் விட்ட பிறகும் முள் அசையாவிட்டால் அழுத்தம் வால்வு வழியே கசிகிறது. இரண்டு முறையும் அளவு சரியாகவே இருந்து, இறக்கம் முடிந்து திருகும்போது மட்டும் புகை வந்தால் பழி சீலுக்கு. பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாத இந்த வேலை முன்னே நடந்திருந்தால், ஹெட்டை மட்டும் கழற்றி முடிக்க வேண்டிய வண்டிக்கு பிளாக்கையும் இறக்கி போர் அடிக்கும் செலவு மிச்சமாகியிருக்கும்.

பிளக்கைப் பார்ப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. கறுப்பு என்றாலே ஆயில் என்று முடிவுகட்டிவிட முடியாது. உலர்ந்து, மசி மாதிரி தட்டினால் உதிரும் கறுப்பு பெட்ரோல் அதிகமாக எரிந்ததன் அடையாளம்: அடைத்த ஏர் ஃபில்டர், மூடாமல் விட்ட சோக், கார்புரேட்டரில் தேய்ந்த ஊசி. ஈரமான கறுப்புதான் ஆயில். வெள்ளையாகப் பொரிந்திருந்தால் சூடு அதிகம். மசியோ ஆயிலோ, அது செய்யும் கெடுதல் ஒன்றுதான். பீங்கான் மேல் படிந்து மின்சாரத்துக்குக் குறுக்கு வழி போட்டுக் கொடுக்கிறது. நுனியில் பாய வேண்டிய பொறி பக்கவாட்டில் கசிந்து போகிறது. உப்புத்தாளும் கம்பி பிரஷும் அந்தப் படிவை எடுத்தாலும், மணலையும் உலோகக் கீறலையும் பீங்கானில் விட்டுவிடுகின்றன.

‘செங்கல் நிறம் வந்தால் சரி’ என்ற பழைய பாடத்தையும் இப்போது அப்படியே நம்ப முடியாது. ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து நிறம் அது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் ஒழிந்தது. இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கார்புரேட்டர் வண்டியில் கலவை சற்று வறண்டு, நல்ல இன்ஜினின் பிளக்கும் வெளிறித்தான் தெரியும். அந்த வெளிறலைப் பார்த்து பெட்ரோலைக் கூட்டி வைத்தால், அடுத்த மாதம் பிளக் கறுத்து நிற்கும்.

பிளக்கின் வெப்ப எண் விஷயத்தில் நடக்கும் குழப்பம் தனி. பிளக்கின் நுனி ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் மசியைத் தானே எரித்துச் சுத்தமாக்கிக்கொள்ளும். சந்தைக்கும் வயலுக்கும் இடையே இரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டிக்கு அந்தச் சூடு ஏறுவதே இல்லை. அதனால் ஒரு படி சூடான பிளக் போட்டுச் சமாளிக்க நினைப்பதில் தப்பில்லை. ஆனால் என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடினால் குளிர்ச்சி. பாஷ் பிளக்கில் எண் கூடினால் சூடு. பெங்களூரு மைக்கோ ஆலையிலிருந்து வந்த, இன்றும் ஊரார் ‘மைக்கோ பிளக்’ என்றே கேட்கும் பாஷ் வகைக்குப் பதில் வேறு கம்பெனி பிளக்கை எண்ணைப் பார்த்து மாட்டினால், நினைத்ததற்கு நேரெதிராகப் போய் முடியலாம். அது மட்டுமல்ல, சூடான பிளக் ஆயிலை எரித்து நோயை மறைக்குமே தவிர, ரிங்கை வளர்த்துத் தராது.

ரிங் தேய்வதற்கு வயது மட்டும் காரணமில்லை. கல் குவாரிப் பாதைகளிலும் மண் சாலைகளிலும் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டர்தான் உயிர். அது கிழிந்தால் உள்ளே போகும் தூசியில் இருக்கும் சிலிக்கா சிலிண்டர் சுவரை அரம் போட்டு ராவிவிடும். இன்னொன்று, ஆயில் அளவு பார்க்கும் முறை. சைடு ஸ்டாண்டில் இடது பக்கம் சாய்ந்து நிற்கும் ஸ்ப்ளெண்டர் வகை வண்டியில் வலது பக்கக் குச்சியை எடுத்துப் பார்த்தால் ஆயில் குறைவாகத்தான் தெரியும். அதை நம்பி ஊற்றினால் அளவு மிஞ்சி, மிஞ்சியது பிரீதர் குழாய் வழியாக ஏர் பாக்ஸுக்குப் போய், தேயாத இன்ஜினிலும் பிளக் நனையும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, குச்சியைத் திருகாமல் துளை மேல் வைத்துப் பார்ப்பதே முறை.

ஆயில் குடிக்கும் வண்டியில் பிளக் நனைவதைவிட ஆபத்தானது ஆயிலே இல்லாமல் போவது. இந்த 100 சிசி இன்ஜின்களுக்கு மொத்தமே ஒரு லிட்டர் அளவுதான் கொள்ளளவு. பிளக்கை மட்டும் மாற்றிவிட்டுக் குச்சியை எடுத்துப் பார்க்காமல் அனுப்பினால், முதலில் காய்வது ஹெட்டில் மேலே சுற்றும் கேம் ஷாஃப்ட். சீலோடு முடிந்திருக்க வேண்டிய வேலை அங்கே ஹெட்டையே தின்றுவிடும்.

இரண்டு-ஸ்ட்ரோக் வண்டிகளின் கணக்கு வேறு. அந்த வண்டிகளோடு இந்த மாவட்டத்துக்கு ஒரு பழைய உறவும் உண்டு. 1980-இல் வந்த டி.வி.எஸ். 50 மொபெட்டும், 1984-இல் வந்த இண்ட்-சுசூகி மோட்டார் சைக்கிளும் ஓசூரில் பிறந்தவை. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை ஓசூர் தருமபுரி மாவட்டத்து ஊர்தான். பெட்ரோலோடு ஆயிலையும் எரிப்பதே இரண்டு-ஸ்ட்ரோக் வண்டிகளின் வேலை என்பதால் லேசான புகை நோயல்ல. கியர் ஆயில் வெளியே எங்கும் ஒழுகாமல் குறைந்துகொண்டே வந்து, புகை மட்டும் தடித்தால் அது நோய்: கிராங்க் ஆயில் சீல் போய், கியர் பெட்டி ஆயிலை இன்ஜின் உறிஞ்சுகிறது. 2டி ஆயிலுக்குப் பதில் கையில் கிடைத்த 4டி ஆயிலைக் கலப்பதும் பிளக்கைக் கொல்லும்; அதிலுள்ள உலோகச் சேர்மானம் எரிந்து சாம்பலாகி இடைவெளியில் படிந்துவிடும். 1996-இலேயே உற்பத்தி நின்றுபோன ஆர்.எக்ஸ். 100-ஐ இன்றும் செல்லப் பிள்ளையாக வளர்க்கும் இளைஞர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. பால் கேன் கட்டிய எக்ஸ்.எல். சூப்பர்காரருக்கு யாரும் சொல்வதில்லை.

அரசின் பங்குக்கு வருவோம். புகைச் சான்றிதழ் இல்லாமல் ஓட்டினால் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் அந்தச் சான்றிதழ் எதை அளக்கிறது? நின்ற இடத்தில், ஐடிலில், கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும். 2000 மார்ச்சுக்குப் பின் தயாரான பழைய நான்கு-ஸ்ட்ரோக் வண்டிக்கு வரம்பு 3.5 சதவீதமும் 4,500 பிபிஎம்மும். சீல் தேய்ந்த வண்டி ஐடிலில் பெரும்பாலும் சுத்தமாகவே நிற்கும். அப்படியே ஆயில் துளிகள் வந்தாலும் கருவியின் ஃபில்டரிலேயே கணிசமாகத் தங்கிவிடும். டீசல் வண்டிக்குப் புகையின் அடர்த்தியை அளக்கிறார்கள். பெட்ரோல் வண்டிக்கு அது கிடையாது. ஆக, தெருவே மூக்கைப் பொத்தும் வண்டி, சான்றிதழைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகலாம்.

பழைய வண்டிகளை உடைத்துப் போடுவதுதான் தீர்வு என்கிறவர்களுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ஒரு ரப்பர் சீல் மாற்றினால் நிற்கிற புகைக்கு ஓடுகிற வண்டியை இரும்புக் கடைக்கு அனுப்புவது, பட்டுக்கூடும் தக்காளியும் சுமந்து பிழைக்கும் குடும்பங்களிடம் சொல்லத் தகுந்த யோசனை அல்ல. போர் உண்மையிலேயே தேய்ந்திருந்தாலும் 0.25 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் முதல் கடையில் கிடைக்கிறது.

செய்யக்கூடியது சின்ன வேலை. புகைச் சோதனை மையத்தில் இன்ஜின் சூடான பிறகு ஆக்சிலரேட்டரைச் சில வினாடி தூக்கிப் பிடித்து, மூடி, மறுபடி திருகிப் பார்க்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்க்கலாம். பதினைந்து ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வரும் வண்டிக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே இதைச் செய்யலாம். நீலப் புகை வந்தால் உடனே அபராதம் வேண்டாம். சீலா, ரிங்கா என்று ஒரு பட்டறையில் எழுதி வாங்கி வரச் சொல்லி ஒரு மாத அவகாசம் கொடுக்கட்டும். எழுதித் தரும் மெக்கானிக்குக் கட்டணம் இவ்வளவு என்று அரசே நிர்ணயிக்கட்டும். கேஜ் பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள் ஐ.டி.ஐ.க்களிலிருந்து ஆண்டுதோறும் வெளியே வருகிறார்கள். ஹெட்டை இறக்கி சீல் மாற்ற ஒரு நாள் போதும். போர் அடிக்க வேண்டியிருந்தாலும், லேத்தில் வரிசை இல்லையென்றால் இரண்டு மூன்று நாளில் வண்டி வீடு திரும்பிவிடும்.