அளவெடுத்துச் செய்த சைக்கிள்

"ஒரு சைக்கிளுக்கு இரண்டு லட்ச ரூபாயா?" என்று என் தமக்கை கேட்டாள்.

"இரண்டு லட்சம் போதுமா, மாமா?" என்று அவள் மகன் கேட்டான்.

இருவர் பேச்சும் தவறு என்பது என் கட்சி. காரணம் சொல்கிறேன், கேளுங்கள்.

எனக்குக் கால் நீளம்; உடம்பு குட்டை. கடைச் சைக்கிள் சராசரி மனிதனுக்காகச் செய்யப்படுகிறது. அந்தச் சராசரி மனிதரை நான் இதுவரை சந்தித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்பினால், திங்கட்கிழமை மத்தியானம் வரை விரல்கள் மரத்துக் கிடக்கும். எழுதிப் பிழைக்கிறவனுக்கு விரல்கள்தாம் மூலதனம். ஆகவே, என் அளவுக்கு ஒரு பிரேம் கட்டித் தரச் சொல்வதென்று தீர்மானித்தேன்.

"அந்தப் பணத்தில் இரண்டு மோட்டார் சைக்கிள் வாங்கலாமே!" என்கிறாள் தமக்கை. வாங்கலாம்தான். ஆனால் அவை என்னை உட்கார்த்தி வைத்து இழுத்துக்கொண்டு போகும். எனக்கு வேண்டியது அதுவல்ல. கல்யாணத்துக்கு ஒரு நாள் கட்டும் பட்டுப்புடவைக்குக் கணக்குப் பார்க்காத குடும்பம், வாரந்தோறும் ஏறும் வண்டிக்கு மட்டும் ஏன் கண்ணைக் கசக்க வேண்டும்?

மருமகன் கதை வேறு. அவனுக்கு டைட்டேனியம் பிரேம், கார்பன் சக்கரம், மின்சாரக் கியர் எல்லாம் வேண்டும். மொத்தம் ஐந்து லட்சம். "எடையில் ஒரு கிலோ குறையும், மாமா!" என்கிறான்.

குறையட்டும். என் எடை 74 கிலோ, வண்டி 9 கிலோ, ஆக 83. அதில் ஒரு கிலோ போனால், ஒரு மணி நேரம் மலை ஏறும்போது மிஞ்சிப் போனால் 43 வினாடி மிச்சம். மூன்று லட்ச ரூபாய்க்கு 43 வினாடி! கிழக்குக் கடற்கரைச் சாலையில் மலையும் இல்லை. சமவெளியில் எதிரி எடையல்ல, காற்று. வேகம் இரண்டு மடங்கானால், காற்றைத் தள்ளும் சக்தி எட்டு மடங்கு வேண்டும். அந்தக் காற்றைப் பெரும்பாலும் தடுப்பது வண்டியல்ல, அதன்மேல் இருக்கும் ஆசாமி. கழுத்து வலிக்காமல் தாழ்ந்து உட்கார முடிந்தால் காற்றும் கொஞ்சம் இரங்கும். அதற்கு அளவுதான் வேண்டும். கிராம் கணக்கு வேண்டாம். பந்தய வீரர்களுக்கே 2000-ஆம் ஆண்டிலிருந்து 6.8 கிலோவுக்குக் குறைந்த வண்டி கூடாது என்று சர்வதேசச் சங்கம் விதித்திருக்கிறது.

"போயும் போயும் எஃகா?" என்று மருமகன் முகம் சுளித்தான். 1935-ல் வந்த ரெனால்ட்ஸ் 531 என்ற எஃகுக் குழாயில் கட்டிய வண்டிகள் பல டூர் டி பிரான்ஸ் பந்தயங்களை வென்றவை. அந்தக் கம்பெனி சேர்ந்திருந்த டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் குழுமந்தான், 1949-ல் சென்னையில் சைக்கிள் கம்பெனி தொடங்கவும் கூட்டாளியாக இருந்தது. எஃகு நமக்கு அந்நியமல்ல.

இன்னொன்று. கிரேம் ஓப்ரீ என்ற ஸ்காட்லாந்துக்காரர் தம் உடம்புக்குத் தாமே ஒரு சைக்கிள் செய்துகொண்டார். துணி துவைக்கும் இயந்திரத்தின் பேரிங்கைக் கழற்றி அதில் பொருத்தினார். 1993 ஜூலையில் அதில் ஏறி ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை படைத்தார். ஆறே நாளில் கிறிஸ் போர்டுமன் அதை முறியடித்தது உண்மைதான். ஆனாலும், அளவு வேறு, ஆடம்பரம் வேறு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

எவ்வளவு செலவழிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: உடம்பு கேட்பதற்குத் தாராளமாகக் கொடுங்கள், நல்ல டயருக்கும் பிரேக்குக்கும் கொடுங்கள். அடுத்தவன் கண்ணுக்காகக் கொடுக்கும் முதல் ரூபாயோடு நிறுத்திவிடுங்கள். எந்த வண்டியை மழையில் எடுக்கவும், கடை வாசலில் நிறுத்தவும் பயமாக இருக்கிறதோ, அது உங்களுக்கு விலை அதிகம்.

இரண்டு லட்சத்துக்கே சொல்லிவிட்டேன். தமக்கை இன்னும் பேசவில்லை. விரல்கள் பேசினால் போதும்.