செவிலியருக்கு உரிய ஊதியம் எப்போது?

2015-இல் தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் சேர்ந்த செவிலியர்களுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் பணி நிரந்தரம் என்றார்கள். ஊதியம் பின்னர் 18,000 ஆனது. பலருக்கு நிரந்தரப் பணி எட்டாக்கனியாகவே நீடித்தது. கொரோனா காலத்தில் உயிரைப் பணயம் வைத்து உழைத்த ஒப்பந்தச் செவிலியர்களை 2022 டிசம்பரோடு அரசு விடுவித்தபோது, சேலத்திலும் போராட்டம் வெடித்தது.

தனியார் துறைக்கோ, 2016-இல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அமைந்த மத்தியக் குழு வழிகாட்டியது: சிறு மருத்துவமனையிலும் குறைந்தது 20,000 ரூபாய், 200 படுக்கைக்கு மேல் அரசு ஊதியத்துக்கு இணை. கேரளம் 2018-இல் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அறிவித்தது.

செவிலியர் கல்லூரிகள் நிறைந்த சேலம், நாமக்கல் மாவட்டங்களில் கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த நியாயம் கிடைக்க வேண்டும். தமிழக அரசு அந்த மத்தியக் குழுவின் பரிந்துரையைச் சட்டமாக்கட்டும். காலிப் பணியிடங்களை நிரந்தர நியமனத்தால் நிரப்பட்டும்.