யார் சொல்லை நம்புவது?

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024ம் வருஷம் ஜூன் மாதம் பாக்கெட் சாராயத்தைக் குடித்து 65 பேருக்கு மேல் மாண்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாண்டவர்கள் பெரும்பாலும் அன்றாடம் கூலி செய்து பிழைத்தவர்கள். "குடித்தவன் செத்தான், நமக்கென்ன?" என்று அப்பொழுது பேசினவர்களும் உண்டு. நாம் கவனிக்க வேண்டிய விஷயம் வேறொன்று. முதல் சாவுகள் விழுந்தவுடன், அவை சாராயத்தினால் ஏற்பட்டவை என்பதற்கு ஆதாரமில்லை என்பதாக ஜில்லா அதிகாரிகள் தரப்பிலேயே சொல்லப்பட்டது. சாவு வீட்டுக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. பிறகு கலெக்டர் மாற்றப்பட்டார். போலீஸ் சூப்பரிண்டெண்டு சஸ்பெண்டு செய்யப்பட்டார். போன உயிர் போனதுதான்.

"குடிக்காதே" என்று சொல்லுகிறவர்களுக்கு நாம் விரோதியல்ல. நாமும் அதைத்தான் சொல்லுவோம். ஆனால் அதைக் கேட்ட பிறகும் குடிக்கிறவன் ஒருவன் இருக்கிறானே, அவனுக்கு என்ன சொல்லுவது? நாம் வாயை மூடிக்கொண்டால் அவனுக்குச் சொல்ல விற்கிறவன் இருக்கிறான். "சுத்தமான சரக்கு" என்பான். கூடக் குடிக்கிற சிநேகிதன் இருக்கிறான்; "நேற்று இரவு நானும் குடித்தேன், எனக்கு என்ன ஆகிவிட்டது?" என்பான். இந்தச் சிநேகிதன் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதிலுள்ள பெரிய ஆபத்து. சாராயத்தில் கலந்த மெத்தனாலை வாசனையாலோ ருசியாலோ கண்டுபிடிக்க முடியாது. குடித்தவுடன் சாதாரண போதைதான் தெரியும். உடம்புக்குள் அது பார்மிக் அமிலமாக மாறின பிறகே, அதாவது பெரும்பாலும் அரை நாளோ ஒரு நாளோ கழித்தே, வயிற்று வலியும் வாந்தியும் கண் மங்கலும் வரும். ஆகவே காலையில் எழுந்து நடமாடுகிறவனுடைய சாட்சியம் காசு பெறாது. அவன் குடித்த சரக்கினால் அடுத்தவனுக்கு வயிற்று வலி கண்டாலே இருவரும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்; குடித்ததை ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வேளையோடு போனால் அங்கு முறிவு மருந்து உண்டு, டயாலிசிஸும் உண்டு. மோரும் எலுமிச்சம்பழமும் மெத்தனாலை முறிப்பதில்லை.

நிற்க, ஹாலந்து தேசத்தில் 1992ம் வருஷம் முதல் ஒரு ஏற்பாடு நடந்து வருகிறது. போதை மாத்திரை வைத்திருப்பவன் அதைச் சோதனை நிலையத்தில் கொடுக்கலாம். பேர் கேட்பதில்லை, போலீசைக் கூப்பிடுவதுமில்லை. அதில் என்ன இருக்கிறதென்று பரீட்சித்துச் சொல்லுகிறார்கள். 2014ம் வருஷம் டிசம்பரில் சூப்பர்மேன் முத்திரை போட்ட இளஞ்சிவப்பு மாத்திரை ஒன்று அப்படி வந்தது. எக்ஸ்டஸி என்று விற்கப்பட்ட அதில் இருந்ததோ பி.எம்.எம்.ஏ. என்னும் வேறு விஷம். இது மெதுவாக வேலை செய்வது. வாங்கினவன் "சரக்கு மட்டம்" என்று நினைத்து இரண்டாவதையும் விழுங்குவான். உடனே தேசமெங்கும் அபாய அறிவிப்புச் செய்யப்பட்டது. அங்கே ஒருவரும் சாகவில்லை. அவ்வறிவிப்பு வேளையோடு காதில் விழாத இங்கிலாந்தில் அதே மாத்திரையால் நான்கு பேர் மாண்டார்கள்.

சோதிக்க இடம் வைப்பது போதைக்குத் தாம்பூலம் வைத்து அழைப்பதாகும் என்று நம் நாட்டுப் பெரிய மனிதர்கள் சொல்லலாம். ஹாலந்து நிலையத்தார் எந்த மாத்திரையையும் "பயமில்லை, சாப்பிடு" என்று சொல்லுவதே கிடையாது. உள்ளே இருப்பது இன்னது, அதனால் வரும் கெடுதி இன்னது என்பதோடு நிறுத்திக்கொள்ளுகிறார்கள். "ஒன்றும் ஆகாது" என்று அடித்துச் சொல்லுகிறவன் சாராய வியாபாரிதான். தாயத்துக் கட்டுகிறவனும் அப்படியே சொல்லுவான்!

கருணாபுரத்துக் கூலிக்காரன் தன் பாக்கெட்டின் மேல் சந்தேகம் கொண்டிருந்தால், அதை எடுத்துக்கொண்டு எங்கே போயிருப்பான்? போலீஸ் ஸ்டேஷனுக்கா?