சிரிக்கச் சொல்லாதீர்கள்

பெங்களூர் ஃப்ரேசர் டவுனில் எங்கள் பக்கத்து வீட்டில் இருப்பது, மூன்று தலைமுறையாக அந்த ஊரிலேயே வாழும் ஒரு தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம். ஒவ்வொரு ஈஸ்டர் ஞாயிறும் பகல் சாப்பாட்டுக்கு எனக்கு அழைப்பு வரும். என்மேல் உள்ள பிரியம் மட்டுமல்ல, என் காமிராவும் அதற்கு ஒரு காரணம் என்பது எனக்குத் தெரியும். மட்டன் பிரியாணிக்கு அது ஒரு நியாயமான விலைதான்.

நடப்பது எப்போதும் ஒன்றுதான். பிள்ளைகளை வாசற்படியில் உயரவாரியாக நிறுத்துவார்கள். புதுச் சட்டை, கழுத்தெல்லாம் பவுடர். 'சிரி கண்ணா, அங்கிளைப் பார்' என்று ஆறு பெரியவர்கள் ஆறு திசையிலிருந்து கத்துவார்கள். கடைக்குட்டி அழும். ஒரு அதட்டல். க்ளிக். அந்த வீட்டு ஆல்பங்களைப் புரட்டினால் பிள்ளைகள் மாறுகிறார்கள். கண்ணைச் சுளித்துக்கொண்டு நிற்கும் வரிசை மட்டும் மாறுவதில்லை.

பிள்ளைகளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. முந்தைய இரவு கோயிலில் பாஸ்கா திருவிழிப்பு. மெழுகுவர்த்தி பிடித்து நின்று, பூசை முடிந்து, வீடு திரும்பிப் படுக்க நள்ளிரவாகிவிடும். தூக்கம் போதாத குழந்தையை வெயிலில் நிறுத்திச் சிரிக்கச் சொல்கிறோம். வெயிலும் சாதாரண வெயில் அல்ல. ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் ஏதாவதொரு ஞாயிறில் விழும். ஏப்ரல் 24 வாக்கில் பெங்களூரிலும் சென்னையிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது. அந்த வெளிச்சத்தில் படமெடுத்தால் கண் இருக்குமிடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள், மூக்கின் கீழே மீசை போல ஒரு நிழல். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய காமிராவும் இதற்கு மருந்தல்ல.

ஜன்னலோரம்தான் நல்ல இடம். நேர் வெயில் விழாத ஜன்னலாக இருக்கவேண்டும். ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். போனின் லென்ஸை ஒரு துணியால் துடையுங்கள். பிரியாணி வீட்டில் அதன்மேல் எண்ணெய்ப் படலம் இல்லாமலிருக்காது. பிறகு தரையில் உட்காருங்கள். மூன்று வயதுக் குழந்தையை நின்றபடி எடுத்தால் உச்சந்தலை மட்டுமே கிடைக்கும். ஓடும் குழந்தை கலங்காமல் விழ வேண்டுமானால் ஷட்டர் 1/250 நொடியாவது இருக்கவேண்டும். இருட்டான கூடத்தில் போன் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே ஜன்னலைத் திறந்து வையுங்கள். மார்சிபான் முட்டைகளையும் அந்தப் பக்கமாகவே ஒளித்து வையுங்கள். குழந்தை தானாக வெளிச்சத்துக்கு வரும். யாரும் சிரிக்கச் சொல்லவேண்டியதில்லை.

வரிசையில் நிறுத்தும் பழக்கத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. அந்த வீட்டுத் தாத்தாவிடம் இருந்தது ஆக்ஃபா க்ளிக் 3. ஒரு ஃபிலிம் சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள். கழுவிப் பிரிண்ட் போடக் காசு வேறு. ஒரு படத்தில் எல்லோரையும் அடக்கிவிட வேண்டும் என்பது சிக்கனம். இன்று போனில் ஆயிரக்கணக்கில் எடுக்கலாம். ஆனாலும் அதே வாசற்படி, அதே அதட்டல்.

2025இன் ஈஸ்டர் ஏப்ரல் 20 அன்று வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு அந்த வீட்டுப் பாட்டி காலமாகியிருந்தார். பாட்டியும் கடைசிப் பேத்தியும் சேர்ந்திருக்கும் ஒரு படம் வேண்டுமென்று தேடினார்கள். நான்கு போன்கள், சில ஆயிரம் படங்கள். பாட்டி எப்போதும் சமையலறையில் இருந்திருக்கிறார், வரிசைக்கு வெளியே. என்னுடைய படங்களிலும் இல்லை. நானும் வாசற்படியையே குறிவைத்திருந்தேன் என்பதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. கடைசியில், முந்தைய ஆண்டு பத்து வயதுப் பேரன் விளையாட்டாக எடுத்த ஒன்று அகப்பட்டது. சற்றுக் கலங்கிய படம். பாட்டியின் முகத்தில் பாதிதான் இருக்கிறது. சுருக்கம் விழுந்த விரல்கள் முட்டையின் ஜிகினாத் தாளை உரிக்கின்றன. கீழே பறவைக் குஞ்சு மாதிரி வாயைத் திறந்தபடி பேத்தி. கூடத்தில் இப்போது சட்டம் போட்டு மாட்டியிருப்பது அதைத்தான்.

இன்னொரு ஆளையும் படங்களில் காண முடியாது: போனைக் கையில் வைத்திருக்கும் அம்மா. பத்து நிமிடமாவது அவரிடமிருந்து அதை வேறு யாராவது வாங்கிக்கொள்ளலாம்.

எடுத்தபின் என்ன செய்கிறோம் என்பதும் யோசிக்க வேண்டியது. சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுவதற்குள் படம் உறவுக்காரர் குழுக்களுக்குப் போய், அங்கிருந்து யார் யாருக்கோ போய்விடுகிறது. 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்கள் விவரங்களைக் கையாள நிறுவனங்கள் பெற்றோர் ஒப்புதலைப் பெறவேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் தனிப்பட்ட, குடும்பத் தேவைக்காக ஒருவர் செய்வதற்கு அது பொருந்தாது. சித்தப்பாவைச் சட்டம் தடுக்காது, அண்ணிதான் தடுக்கவேண்டும். குளிக்கும் குழந்தை, பள்ளிப் பெயர் தெரியும் சீருடை, கதவு எண் தெரியும் வாசல், இவற்றை நான் அனுப்புவதில்லை.

பக்கத்து வீட்டு நான்கு வயதுக்காரன் ஒருவன் அன்று காமிராவைக் கண்டதும் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். 'கையை எடுடா' என்றார் அவன் அப்பா. நான் காமிராவைக் கீழே வைத்துவிட்டேன். சற்று நேரம் கழித்து அவனே வந்து அதைத் தூக்கிப் பார்த்தான், கனம் தாங்கவில்லை. பட்டன் எது என்று கேட்டான். காட்டினேன். அவன் எடுத்தது என் முழங்கால், பாதி பிரியாணித் தட்டு, மேஜைக்கடியில் இன்னும் யாரும் கண்டுபிடிக்காத ஒரு நீல முட்டை.