காணாமல் போன 50 வெள்ளி

ஜொகூர் பாருவில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கோயிலில் திருவிழா முடிந்ததும் நன்கொடைப் பட்டியலை ஒட்டுவார்கள். இம்முறை அதை என் அக்கா மகன் கணினியில் தயாரித்தான். ஒட்டிய அன்று மாலையே, தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டி ரசீதோடு வந்துவிட்டார். "தம்பி, நான் கொடுத்தது 50 வெள்ளி. இங்கே 20 என்று போட்டிருக்கே?"

அந்த 20 இன்னொரு லட்சுமி கொடுத்தது.

பையன் ஜாவாவில் எழுதியிருந்தான். 2014 மார்ச்சில் வந்த ஜாவா 8 முதல் 'ஸ்ட்ரீம்' என்றொரு வசதி உண்டு. ரசீதுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, வேண்டாததை வடிகட்டலாம். ஓடி வருவதைக் கடைசியில் ஏதாவது பாத்திரத்தில் பிடிக்க வேண்டுமே? அந்தப் பாத்திரங்களைத் தயாராக அடுக்கி வைத்திருப்பதுதான் 'கலெக்டர்ஸ்' என்ற வகுப்பு. பட்டியலாக்க, பிரிக்க, கூட்ட, சராசரி பார்க்க, பெயர்களைக் காற்புள்ளியிட்டுக் கோக்க என எல்லாம் உண்டு. (கலெக்டர் என்றதும் தமிழ்நாட்டு மாவட்ட ஆட்சியர் நினைவுக்கு வந்தால் தவறில்லை. அவரும் வரி வசூலிக்க வந்தவர்தான்.)

இவன் எடுத்தது 'டூமேப்'. பெயர்தான் சாவி, தொகை அதன் மதிப்பு. ஒரே சாவி இரண்டு முறை வந்தால் டூமேப் பிழை காட்டி நின்றுவிடும். நின்றது. இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று நாமே சொல்லவும் வழி உண்டு. "பிந்தியதை வை" என்று எழுதினான். பிழை மறைந்தது, பாட்டியின் 50 வெள்ளியும் மறைந்தது.

அவனைத் திட்ட மனம் வரவில்லை. எனக்கும் அந்தப் பிழைச் செய்தி தொல்லையாகத்தான் பட்டிருக்கும். ஆனால் அது நல்ல கணக்கப்பிள்ளையின் கேள்வி: "லட்சுமி இரண்டு பேர் இருக்காங்களே, யாரைச் சொல்றீங்க?"

"இரண்டையும் கூட்டு" என்று எழுதியிருந்தால்? பணம் தப்பியிருக்கும். ஆனால் இரண்டு லட்சுமிகளும் ஒருவராகி 70 வெள்ளி கொடுத்திருப்பார்கள்! தகப்பனார் பெயரைச் சேர்த்தாலும் நம்மவர் பெயர்கள் ஒத்துப்போவது உண்டு. அதனால் பெயரோடு ரசீதிலுள்ள கைப்பேசி எண்ணையும் சேர்த்துச் சாவியாக்கினோம். 'குரூப்பிங்பை' ஆளுக்கு ஆள் பிரித்தது, 'சம்மிங்இண்ட்' கூட்டியது. இரண்டு தடவை கொடுத்தவர்களின் பணமும் சரியாகச் சேர்ந்தது.

பட்டியலின் மொத்தத்தை ரசீதுப் புத்தகத்தோடு ஒப்பிட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். இந்தத் தடவை ஒப்பிட்டோம். வேறு 3 பேரின் பணமும் இப்படியே போயிருந்தது.

புதுப் பட்டியலைப் பாட்டி கண்ணாடி போட்டுப் படித்தார். பிறகு, "அந்த இன்னொரு லட்சுமி யாரு தம்பி, எந்தத் தாமான்?" என்று கேட்டார்.