மூன்று வாரத்துக்கு ஒருமுறை எம்.சி. எடுக்கும் உங்கள் நண்பர்: தலசீமியாவோடு வாழ்வது எப்படி?

உங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 25. பார்த்தால் நோயாளி மாதிரியே தெரியாது. ஆனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு நாள் வேலைக்கு வரமாட்டார். "இவருக்கு மட்டும் எப்படி இவ்ளோ லீவு?" என்று பின்னால் பேச்சு கிளம்பும்.

அந்த ஒரு நாளில் அவர் மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கையில் ஊசி. மேலே தொங்கும் பையில் இருந்து யாரோ ஒருவர் தானமாகக் கொடுத்த இரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கிறது.

அவருக்கு இருப்பது தலசீமியா. மே 8-ஆம் தேதி உலகத் தலசீமியா தினத்தன்று மட்டும் நம் செய்திகளில் தலைகாட்டும் இந்த நோயை, மற்ற 364 நாளும் அவர் எப்படிச் சமாளிக்கிறார்? அதில் நமக்கு என்ன பங்கு?

தலசீமியான்னா என்ன?

இரத்தச் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின்தான் உடம்பு முழுக்க ஆக்சிஜனைச் சுமந்து போகிறது. தலசீமியா உள்ளவரின் உடம்பால் அதைச் சரியாகத் தயாரிக்க முடியாது. காரணம், பெற்றோரிடமிருந்து வந்த மரபணு. இது தொற்றாது. சாப்பாட்டுப் பழக்கத்தாலும் வராது.

கடுமையான வகை என்றால், சின்ன வயதிலேயே இரத்தம் ஏற்ற ஆரம்பித்துவிடுவார்கள். பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுக்க.

மலேசியத் தலசீமியா பதிவேட்டில் 2018 நவம்பர் நிலவரப்படி இருந்தவர்கள் 7,984 பேர். ஐந்தில் ஒருவருக்கும் மேல் சபாவில் இருந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் 5 முதல் 25 வயதுக்குள் இருந்தவர்கள். கடைசித் தகவலைக் கொஞ்சம் கவனியுங்கள். அன்று பள்ளியில் இருந்தவர்களில் பலர் இன்று கல்லூரியிலும் வேலையிலும் இருக்கிறார்கள். இது இனி குழந்தைகள் வார்டோடு முடிந்துபோகும் கதை இல்லை.

ஒரு மாதம் எப்படிப் போகும்?

இரத்தம் ஏற்றிய முதல் வாரம் நல்ல தெம்பு இருக்கும். மூன்றாவது வாரம் வந்தால் எல்.ஆர்.டி. படிக்கட்டு ஏறினாலே மூச்சு வாங்கும். கூட்டத்தில் கவனம் நிற்காது. நண்பர்கள் சனிக்கிழமை ஃபுட்சால் கூப்பிட்டால், அவர் முதலில் பார்ப்பது காலண்டரைத்தான்: "போன தடவை எப்போ ஏத்தினேன்?"

மருத்துவமனை நாளும் சுலபமாக முடியாது. முதலில் இரத்த மாதிரி எடுத்து, எந்தப் பை ஒத்துப்போகும் என்று ஆய்வுக்கூடத்தில் பொருத்திப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு பை ஏற்றவே சில மணி நேரம் ஆகும். பெரியவர்களுக்கு இரண்டு பை தேவைப்படலாம். ஒரு நாள் அதோடு போய்விடும்.

இரத்தம் ஏத்தினா போதாதா?

போதாது. உயிரைக் காப்பாற்றும் அதே இரத்தம்தான் அடுத்த சிக்கலையும் கொண்டுவருகிறது.

ஒவ்வொரு பையிலும் ஏறக்குறைய 200 முதல் 250 மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கிறது. நம் உடம்பு இயல்பாக வெளியேற்றுவது ஒரு நாளைக்கு 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு தடவைக்கு இரண்டு பை, வருஷத்துக்கு 17 தடவை. கிட்டத்தட்ட 7 கிராம். ஆரோக்கியமான ஒரு பெரியவரின் உடம்பில் இருக்கும் மொத்த இரும்பே 3 முதல் 4 கிராம்தான்.

வெளியே போக வழியில்லாத இந்த இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் ஹார்மோன் சுரப்பிகளிலும் போய்ப் படியும். இதயம் பலவீனமாகலாம். நீரிழிவு வரலாம். பருவமடைவது தள்ளிப்போகலாம்.

அதனால் இரும்பை வெளியேற்றும் மருந்து கட்டாயம். பழைய முறையில், சின்ன பம்ப் ஒன்றை வைத்துத் தோலுக்கடியில் ஊசி வழியாக 8 முதல் 12 மணி நேரம் மருந்து செலுத்த வேண்டும், வாரத்தில் ஐந்து இரவாவது. இப்போது மாத்திரைகளும் உண்டு. ஒன்றை ஒரு நாளைக்கு ஒரு தடவை எடுத்தால் போதும். இன்னொன்றை மூன்று தடவை எடுக்க வேண்டும். அதில் வெள்ளையணு திடீரென்று குறையும் ஆபத்து இருப்பதால், காய்ச்சல் வந்தால் "பனடோல் போட்டுப் படுத்துக்கலாம்" என்று விடமுடியாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பதின்ம வயதில் நிறைய பேர் சறுக்குவது இந்த மருந்து விஷயத்தில்தான். இன்றைக்கு மாத்திரையை விட்டால் நாளைக்கு ஒன்றும் ஆகாது. வலிக்காது, மயக்கம் வராது. ஆனால் வருஷக்கணக்கில் விட்டால் இதயம் கணக்குக் கேட்கும். அதே நேரத்தில்தான் குழந்தைகள் பிரிவில் பழகிய டாக்டரையும் தாதியரையும் விட்டுவிட்டுப் பெரியவர்கள் பிரிவுக்கு மாற வேண்டும். அதுவரை மருந்தை நினைவூட்டிய அம்மாவும் கூடவே வரமாட்டார்.

வேலைச் சட்டம் என்ன சொல்கிறது?

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்குச் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு வருஷத்துக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்து வருஷம் வரை 18 நாள். அதற்கு மேல் 22 நாள். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற 60 நாள் தனியாக உண்டு.

இப்போது நம் நண்பரின் கணக்கு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்றால் வருஷத்துக்கு 17 நாள். புது வேலையில் இருப்பவருக்கு 14 நாள் பத்தாது. சளி, காய்ச்சல் என்று ஒரு நாள்கூட எடுக்காவிட்டாலும் மூன்று நாள் குறைகிறது. ஸ்கேன், கண் பரிசோதனை, காது பரிசோதனை, நிபுணர் சந்திப்பு எல்லாம் இதில் சேரவில்லை.

காலையில் போய் மாலையில் திரும்பும் பகல்நேரச் சிகிச்சை எந்த விடுப்புக் கணக்கில் சேரும் என்பதுதான் கேள்வி. இதை வேலையில் சேரும்போதே மனிதவளப் பிரிவிடம் எழுத்துபூர்வமாகக் கேட்டு வைப்பது நல்லது. இன்னொன்று: அந்தச் சட்டம் தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் பொருந்தும். சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித்தனித் தொழிலாளர் சட்டங்கள் உண்டு. தலசீமியா அதிகம் உள்ள மாநிலமான சபாவில் இருப்பவர்கள் அங்குள்ள விதியைப் பார்க்க வேண்டும்.

நேர்முகத் தேர்வில் நோயைச் சொல்வதா, மறைப்பதா? சொன்னால் வேலை கிடைக்காதோ என்ற பயம். மறைத்தால் மூன்றாவது மாதமே கேள்வி வரும். இந்தச் சுமையைத் தனி மனிதர் தலையில் விடாமல், நிறுவனங்களே தெளிவான விதி வைத்தால்தான் தீரும். ஒரு நாளை முன்கூட்டியே குறித்துவைத்து எடுக்கும் ஊழியரை வைத்து வேலையைத் திட்டமிடுவது, திடீரென்று எம்.சி. போடுபவரை வைத்துத் திட்டமிடுவதைவிடச் சுலபம்.

"முருங்கைக்கீரை சாப்பிடும்மா"

நம் வீடுகளில் "இரத்தம் கம்மி" என்றதும் எல்லோரும் டாக்டர் ஆகிவிடுவோம். முருங்கைக்கீரை, ஈரல், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக். அத்தை சொல்வது பாசத்தில்தான். ஆனால் தலசீமியா நோயாளிக்கு இரும்பு ஏற்கெனவே அதிகம். டாக்டர் சொல்லாமல் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கவே கூடாது. அடுத்த கல்யாண வீட்டில் யாராவது ஆரம்பித்தால், நீங்கள் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

மலேசியர்களில் ஏறக்குறைய 20 பேரில் ஒருவர் தலசீமியா கேரியர். அதாவது அந்த மரபணுவைச் சுமக்கிறார், ஆனால் நோயாளி இல்லை. பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. லேசான இரத்தசோகை என்று தவறாக நினைத்து இரும்பு மாத்திரை சாப்பிடுபவர்களும் உண்டு. இது ஒரே இனத்தின் பிரச்சினையும் இல்லை. இந்தியர்களிடமும் இருக்கிறது.

ஒத்த வகை மரபணுவைச் சுமக்கும் இருவர் கல்யாணம் செய்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் கடுமையான நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டால் அடுத்ததற்கு வராது என்ற கணக்கெல்லாம் இல்லை.

2016 முதல் நான்காம் படிவ மாணவர்களுக்குத் தலசீமியா பரிசோதனை நடக்கிறது. அன்று ஊசி குத்திக்கொண்ட முதல் அணிக்கு இப்போது கல்யாண வயது. உங்கள் முடிவு என்னவென்று ஞாபகம் இருக்கிறதா? அந்தத் தாள் வீட்டில் எங்கே இருக்கிறது? பரிசோதனை 16 வயதில், முடிவு தேவைப்படுவது 26 வயதில். இந்தப் பத்து வருஷ இடைவெளிதான் திட்டத்தின் பலவீனமான இடம். தாள் கிடைக்காவிட்டால், அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் கேளுங்கள். சாதாரண இரத்தப் பரிசோதனையில் ஆரம்பிக்கலாம்.

பத்துப் பொருத்தம் பார்ப்பவர்கள் இந்தப் பதினொன்றாவதையும் பார்க்கலாம். கேரியர் என்று தெரிந்தால் கல்யாணத்தை நிறுத்த வேண்டும் என்று அர்த்தமில்லை. முன்கூட்டியே தெரிந்தால் டாக்டரோடு பேசி முடிவெடுக்கலாம், அவ்வளவுதான். அதே சமயம், "தலசீமியாவை ஒழிப்போம்" என்று பேசும்போது ஒரு கவனம் தேவை. ஏற்கெனவே அதோடு வாழ்பவர் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

குணமாகவே ஆகாதா?

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை சிலருக்குக் குணம் தரும். ஆனால் உடன்பிறந்தவர் ஒருவரின் மஜ்ஜை முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பே 25 விழுக்காடுதான். மரபணுவைத் திருத்தும் கேஸ்ஜெவி சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் உலகிலேயே முதலில் அனுமதி தந்தது. அமெரிக்காவில் அதன் விலை ஒருவருக்கு 22 லட்சம் டாலர். செய்தியைப் படித்து நண்பருக்கு அனுப்பும் முன் அந்த விலையையும் சேர்த்துப் படியுங்கள்.

அதுவரை அவருக்குத் தேவை இரத்தம். சிவப்பணுவை அதிகபட்சம் 42 நாள்தான் சேமிக்க முடியும். பெருநாள் காலத்தில் எல்லோரும் பாலேக் கம்போங் போகும்போது தானம் குறையும். அவருடைய மூன்று வாரக் கணக்கு மட்டும் விடுமுறை பார்க்காது. அடிக்கடி இரத்தம் ஏற்றுபவருக்கு ஏ, பி, ஓ பொருந்தினால் மட்டும் போதாது. நுணுக்கமான வேறு கூறுகளும் பொருந்தினால் நல்லது. அந்தப் பொருத்தம் ஒரே இனப் பின்னணி உள்ளவர்களிடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஆக, நம்மவர்கள் கொடுப்பது நம்மவர்களுக்குக் கூடுதலாக உதவும்.

உங்களுக்கு 17 வயது ஆகி, எடை 45 கிலோவுக்குக் குறையாமல் இருந்தால் கொடுக்கலாம். 18 ஆகவில்லை என்றால் பெற்றோரின் அனுமதிக் கடிதம் வேண்டும். தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா பாருங்கள்.

அப்புறம், அலுவலகத்தில் அந்த நண்பர் நாளைக்குத் திரும்பி வரும்போது "எங்க போனீங்க?" என்று கேட்க வேண்டாம். அவர் இல்லாத நேரத்தில் நடந்த கூட்டத்தின் குறிப்பை அனுப்பி வையுங்கள். அதுவே போதும்.