'அழியாத ரசாயனத்தை' அரைத்தே ஒழிக்கலாமா? பால் மில்லிங் என்றால் என்ன?

நான்-ஸ்டிக் தவா, மழைக்கோட்டு, விமான நிலையத் தீயணைப்பு நுரை எனப் பலவற்றில் பயன்பட்டவை பிஃபாஸ் ரசாயனங்கள். மண்ணில் கலந்தால் லேசில் அழியாது என்பதால் 'நிரந்தர ரசாயனங்கள்' என்றே பெயர். இதில் இரண்டு வகைகள், குடிநீரில் லிட்டருக்கு 4 நானோகிராமைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்கா 2024 ஏப்ரலில் அறிவித்தது. தண்ணீரிலிருந்து வடிகட்டிப் பிடித்துவிடலாம். பிடித்ததை எங்கே போடுவது? அங்கதான் சிக்கல்.

எரிக்கலாமே என்றால், கார்பன்-ஃபுளோரின் பிணைப்பு அவ்வளவு சுலபத்தில் உடையாது. 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். அரைகுறையாக எரிந்தால் மிச்சம் புகையோடு காற்றில் கலக்கும்.

இன்னொரு வழிதான் ஹை-எனர்ஜி பால் மில்லிங். மூடிய உருளைக்குள் ரசாயனத்தையும் ஸ்டீல் குண்டுகளையும் போட்டு அசுர வேகத்தில் சுழற்றுவார்கள். வீட்டு கிரைண்டர் மாவைப் பொடியாக்குவதோடு சரி. இங்கே குண்டுகள் மோதும் இடத்தில் கணநேரம் உண்டாகும் அழுத்தமும் சூடும் வேதிவினையையே நடத்திவிடும். 1960களில் ஜெட் இன்ஜினுக்கான நிக்கல் உலோகக் கலவை செய்ய வந்த தொழில்நுட்பம் இது.

பிஃபாஸுடன் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்து அரைத்தால், வெளியிலிருந்து சூடேற்றாமலே பிணைப்பு உடைவதை 2013-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஃபுளோரின், பொட்டாசியம் ஃபுளோரைடு என்ற உப்பாக மாறிவிடும்.

ஆனால் ஆய்வகக் குடுவை வேறு, ஏக்கர் கணக்கில் கெட்டுப்போன மண் வேறு. நியூசிலாந்தின் மாபுவாவில் பழைய பூச்சிக்கொல்லி ஆலை இருந்த இடத்தில், டிடிடி கலந்த மண்ணை 2004 முதல் 2007 வரை இதே முறையில் அரைத்தார்கள். அரைக்கும் முன் மண்ணை உலர்த்த வேண்டும். உலர்த்தும்போது டயாக்ஸின் என்ற நச்சு வெளியேறியிருக்கலாம் என்ற கவலை பின்னால் கிளம்பியது. காற்றைக் கண்காணித்த விதம் போதாது என்று, 2008-ல் வந்த நாடாளுமன்றச் சுற்றுச்சூழல் ஆணையர் அறிக்கை குறை சொன்னது. குறை, குண்டுகள் மேல் இல்லை. சுற்றி நடந்த வேலை மேல்.

பிஃபாஸிலும் கேள்வி அதேதான். ஈர மண்ணை எப்படி உலர்த்துவது, மின்சாரச் செலவு எவ்வளவு, முழுசாக உடையாத துண்டுகளை யார் சோதிப்பது? அமெரிக்கக் குடிநீர் நிறுவனங்களுக்கான கெடுவை 2029-லிருந்து 2031-க்குத் தள்ளப்போவதாக அந்நாட்டு அரசு 2025 மே மாதம் அறிவித்தது. அதுவரை வடிகட்டிகளில் சேரும் கழிவு குவிந்துகொண்டேதான் இருக்கும்.